குகதாசன் சேரும் ‘ஸ்குரூட்டினி’ என்ற சொல்லும்

குகதாசன் சேர் காலமான செய்தி எனக்குச் சிங்களத்தில்தான் வந்தது. காலை பத்து மணியிருக்கும். பிள்ளைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய அலுவலகத்தில் பியோனாக இருக்கும் சுமனபால அண்ணன் தொலைபேசியில், “சேர் கியா, நங்கி” என்றார். சேர் போய்விட்டார். ஊருக்கு லீவில் போய்விட்டாராக்கும் என்று நினைத்து, எப்போது திரும்பி வருவார் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

பெல்மதுளையில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், வேலைக்கு வெளிக்கிடும்போது சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வயது ஐம்பத்தெட்டு. மறுநாள் உடலை அவருடைய ஊரான வடமராட்சிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் எட்டுப் பேர் பெல்மதுளைச் சந்திக்குப் போய், வாகனத்தை மறித்து, கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்தோம். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி யோகமலர் அக்கா அழைத்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதித் தர வேண்டும் என்றார். எனக்கு எழுத வராது என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. “அங்க என்ன நடந்தது எண்டு அவர் எங்களுக்குச் சொல்லவேயில்லை. கடைசி ரெண்டு வருசம் வீட்டுக்கு வந்தாலும் ஒரு மூலையில இருப்பார். எனக்கு அறிய வேணும் தங்கச்சி” என்றார்.

அதனால் எழுதுகிறேன். இந்த மலரை வாசிப்பவர்களில் அநேகர் அவருடைய உறவினர்கள், கூடப் படித்தவர்கள், மொழிபெயர்ப்பு வேலையில் கூட இருந்தவர்கள். நான் யாரென்று உங்களுக்குத் தெரிந்திராது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தை நாங்கள் பிள்ளைக் காம்பரா என்போம். அதைப் பார்த்துக்கொள்பவள் நான். பெயர் ராஜேஸ்வரி. மனு எழுதித்தான் பழக்கம். தோட்டத்தின் பெயரையும் அவர் வேலை செய்த அலுவலகத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு மனுவால்தான் அவரை முதலில் அறிந்தேன். எங்கள் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வரும் தண்ணீர்க் குழாய் பற்றி எழுதி, நகரத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்த அலுவலகத்தில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வேலை நடக்கும். தமிழில் வருவதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மாற்றிக் கொடுப்பதும், பதிலைத் தமிழாக்குவதும் அவர் வேலை. மெலிந்த, உயரமான மனிதர் ஒருவர் என் மனுவைக் கையில் பிடித்தபடி மேசையை விட்டு எழுந்து வெளியே வந்தார். தண்ணீர் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எப்போதுமே வந்ததில்லையா, வந்துகொண்டிருந்தது நின்றுபோனதா என்று கேட்டார். நின்றுபோனது என்றேன். “அது ரெண்டும் ரெண்டு கடிதம், தங்கச்சி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பல வருடங்களாக அலுவலகங்களுக்கு மனு கொடுத்தவள். நான் எழுதியதை ஒருவர் உண்மையாகவே வாசித்தார் என்று அன்றுதான் முதன்முதலாக அறிந்தேன்.

அதன் பிறகு நகரத்துக்குப் போனால் அவரைப் பார்க்காமல் வரமாட்டேன். தனியே இருந்த மனிதர். வெற்றிலை, சிகரெட் எதுவும் இல்லை. சொற்களைப் பற்றிப் பேசுவது மட்டும் அவருக்குப் பெரிய ஆசை. கேட்க ஆளில்லாமல் இருந்தார் என்று நினைக்கிறேன்.

என் மகளின் பரீட்சை முடிவு நாங்கள் நினைத்ததைவிடக் குறைவாக வந்தபோது, மீள் பரிசீலனைக்கு விண்ணப்பம் நிரப்ப அவரிடம் போனேன். படிவத்தில் ஆங்கிலத்தில் ‘ரீ ஸ்குரூட்டினி’ என்றிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மேசை லாச்சியிலிருந்து தடித்த அகராதி ஒன்றை எடுத்து விரித்தார். பழைய லத்தீனில் கந்தல், குப்பை என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்று சொல்கிறார்களாம். குப்பைக்குள் கைவிட்டுக் கிளறித் தேடுவதுதான் அடி அர்த்தமாம். “பாக்கிறது வேற, வாசிக்கிறது வேற, இது வேற. இந்தச் சொல்லை எழுதினால், ஒரு ஆள் குனிஞ்சு கையால புரட்டிப் பாத்திருக்கோணும்” என்றார்.

அப்படியானால் ‘பெரூசல்’ என்று கடிதங்களில் வருகிறதே, அதுவும் இதுதானே என்று கேட்டேன். அதற்கும் ஒருகாலத்தில் முழுக்கக் கவனமாக வாசித்தல் என்றுதான் பொருளாம். இப்போது அலுவலகங்களில் கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் ஒரு மரியாதை வார்த்தையாக அது தேய்ந்துவிட்டதாம். தங்கள் பார்வைக்கு என்று தமிழாக்கிவிட்டுப் போய்விடலாம், யாரும் பார்க்கப் போவதில்லை என்று சிரித்தார். ‘ஸ்குரூட்டினி’ மட்டும் இன்னும் தேயவில்லை, அதை விளையாட்டாக யாரும் எழுதமாட்டார்கள் என்றார். தமிழில் அதற்குப் பரிசீலனை போதாது, நுணுக்கமாக ஆராய்தல் என்றுதான் போட வேண்டும் என்பது அவர் கட்சி. மகளின் முடிவு மாறவில்லை. ஆனால் யாரோ குனிந்து பார்த்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல முடிந்தது. அவளும் அதை ஏற்றுக்கொண்டாள்.

இப்போது எழுதக் கை வராத பகுதிக்கு வந்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில் மலைச் சரிவில் மூன்று லயங்கள் இருந்தன. இரண்டாவது லயத்தில் ஒன்பது குடும்பங்கள். ஒரு வாரம் விடாமல் மழை பெய்த பிறகு, லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் நிலம் வெடித்திருந்தது. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. லயத்தின் கோடி அறையான காம்பராவின் சுவரும் பிளந்திருந்தது. ஒன்பது குடும்பமும் இறங்கி வந்து தோட்டப் பாடசாலை மண்டபத்தில் தங்கினார்கள். நான் மனு எழுதினேன். தயவுசெய்து யாராவது வந்து எங்கள் மலையைப் பாருங்கள், அங்கே இருக்கலாமா கூடாதா என்று சொல்லுங்கள், கூடாதென்றால் வேறு இடம் தாருங்கள். எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

இரண்டு வாரம் பதில் இல்லை. பாடசாலை தொடங்க வேண்டியிருந்தது. ஒரே மண்டபத்தில் ஒன்பது குடும்பம், இரண்டு கழிப்பறை. தினமும் சண்டை. தோட்டத்து அலுவலகத்திலும், எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்போது கடிதம் வந்தது. மேலே ஆங்கிலம், கீழே தமிழ். மண்டபத்தின் நடுவில் நின்று நான்தான் வாசித்தேன். “மேற்படி இடம் நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளது. தற்போதைக்கு மேலதிக நடவடிக்கை அவசியமில்லை.” தமிழைப் பார்த்ததும் அது குகதாசன் சேருடையது என்று கண்டுகொண்டேன். ஆராய்ந்தவர்கள் எப்போது வந்தார்கள் என்று ஒருவர் கேட்டார். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் வந்திருப்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார். சேரின் எழுத்து என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்று பின்னேரமே பாய், சட்டி, பானை எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு சனம் மேலே ஏறியது. நானும் ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதைப் பிறகு அவரே சொன்னார். ஆங்கிலத்தில் ‘மேற்படி’ என்று மட்டும்தான் இருந்தது. மேற்படி எது என்று இல்லை. மேற்படி ஸ்குரூட்டினிக்கு உட்படுத்தப்பட்டது, அவ்வளவுதான். தமிழில் வெறும் ‘மேற்படி’ நிற்காது, ஒரு பெயர் வேண்டும். சேர் ‘இடம்’ என்று போட்டார். மலையைப் பாருங்கள் என்று கேட்டவர்களுக்கு ஸ்குரூட்டினி நடந்தது என்று எழுதினால், மலையைத்தானே பார்த்திருப்பார்கள்? அந்தச் சொல்லின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான்கு நாள் கழித்து வேறொரு வேலைக்காக அந்தக் கோப்பு முழுவதும் அவர் மேசைக்கு வந்தது. புரட்டியிருக்கிறார். தளத்துக்குப் போன அறிக்கை எதுவும் இல்லை. ஒரு படம் இல்லை, ஓர் அளவு இல்லை. எங்கள் மனுவின் மூலையில் ஒரு முத்திரை மட்டும் இருந்தது. கையெழுத்துகள் சரி, முகவரி சரி, இணைப்புகள் சரி என்று ஒருவர் அடையாளமிட்டு, ‘ஸ்குரூட்டினைஸ்ட்’ என்று எழுதியிருந்தார். ஆராயப்பட்டது எங்கள் காகிதம். மலையை யாரும் பார்க்கவில்லை.

அப்போது மாலை நாலு மணி. உடனே மேலதிகாரியிடம் ஓடினார். திருத்திய கடிதம் தயாரித்துக் கொண்டு வாருங்கள், காலையில் கையெழுத்து வைக்கிறேன் என்றார் அதிகாரி. தோட்டத்துக்குத் தொலைபேசியில் சொல்லட்டுமா என்று சேர் கேட்டிருக்கிறார். வாய்வழியாகச் சொல்லிச் சனத்தைக் கலவரப்படுத்த வேண்டாம், முறைப்படி போகட்டும் என்று பதில் வந்தது. சேர் முறையை மதிக்கிறவர். கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டு அறைக்குப் போனார். மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து அதிகாரியின் கதவடியில் அதைப் பிடித்தபடி நின்றார். ஒன்பதரைக்கும் அதிகாரி வரவில்லை. சேர் எனக்கு அழைத்துப் பார்த்திருக்கிறார். மழையால் எங்கள் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரம் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. கையெழுத்தில்லாத கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பிள்ளைக் காம்பரா வாசலில் அவர் வந்து நின்றபோது பதினொன்றரை இருக்கும். குடை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் ஓடியது. சப்பாத்துக்குள் சேறு. நான் அவரை அலுவலகத்துக்கு வெளியே பார்த்தது அதுதான் முதல் தடவை. “ஒருத்தரும் வந்து பாக்கேல்லை, தங்கச்சி. அந்தக் கடிதம் பிழை. சனத்தை இறக்க வேணும்” என்றார். பிள்ளைகளை உதவிக்கு இருந்த ஆயாவிடம் விட்டுவிட்டு நான் முன்னால் ஓடினேன். அவர் மூச்சு வாங்கியபடி பின்னால் ஏறினார். அந்தப் படிகளில் ஏறி அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு இடத்தில் விழுந்தார்.

லயத்தில் வயதானவர்களும் வேலைக்குப் போகாதவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சேர் முற்றத்தில் நின்று, சாமான் எதுவும் எடுக்க வேண்டாம், இப்படியே இறங்குங்கள் என்று சொன்னார். சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள். ஐந்து நாளைக்கு முன்னால் போகலாம் என்று வாசித்தவளும் நான்தானே. ஒரு கிழவி, போ என்கிறதும் நீங்கள்தான், வா என்கிறதும் நீங்கள்தான் என்று ஏசினாள். ஆனாலும் இறங்கினார்கள்.

நான்காவது காம்பராவில் பெருமாள் தாத்தா இருந்தார். பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருப்பவர். அவரைத் தூக்க ஆள் வேண்டும். சேர் இரண்டு ஆம்பிளைகளைப் பிடித்து, கீழே பாடசாலையிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அந்த நேரத்தில்தான் தாத்தாவின் மருமகள் செல்வராணி, பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மலையிலிருந்து குறுக்குப் பாதையால் வந்தாள். தினமும் அந்நேரம் வந்து மாமனாருக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போவாள். அவளுடைய மகள் கவிஷா அப்போது என் காம்பராவில் இருந்தாள், மூன்று வயது. நான் செல்வராணியிடம் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போகாதே, நாற்காலி வருகிறது என்றேன். “தாத்தா பயந்துருவாருங்கக்கா, பக்கத்துல நிக்கிறேன்” என்றாள். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்தாள். உள்ளே போனாள்.

சேர் அவள் பின்னால் இரண்டடி வைத்தார். நான் படியருகில் கிழவியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்புவதில்லை. மழைச் சத்தம் கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே கீழே வந்தன. திரும்பிப் பார்த்தபோது முதல் மூன்று காம்பரா இருந்தது, மற்றது இல்லை. சேர் முழங்கால் வரை சேற்றுக்குள் நின்றார். சுவர் இருந்த இடத்தை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

செல்வராணியையும் பெருமாள் தாத்தாவையும் மண்ணுக்குள்ளிருந்து எடுக்க இரண்டு நாள் ஆனது. அன்று பின்னேரம் எல்லாத் தாய்மாரும் வந்து தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கவிஷா மட்டும் என் காம்பராவில் இருந்தாள். அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா குமார் வந்து தூக்கும்வரை நான் அவளை மடியை விட்டு இறக்கவில்லை.

இரண்டு பெட்டிகளையும் அதே பாடசாலை மண்டபத்தில்தான் வைத்தோம். பெரிய மனிதர்கள் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்கள். சேர் காலையிலிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை எடுக்கப் போகும் நேரம் எழுந்து முன்னால் வந்தார். யாரும் அவரைப் பேசக் கூப்பிடவில்லை. அலுவலகத்தில் பேசுகிற மாதிரியே மெதுவாகப் பேசினார்.

“உங்களுக்கு வந்த கடிதத்தில இடம் எண்டு ஒரு சொல் இருந்தது. அது ஆங்கிலத்தில இல்லை. நான் போட்டது. பிறகு, பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் ஒரு இரவு காத்திருந்தனான், கையெழுத்துக்காக. அந்த ரெண்டும் நான் செய்தது.”

யாராவது அவரை அடித்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன். குமார் மகளைத் தோளில் போட்டபடி நின்றான். அவன் அவர் மேல் பாயவில்லை, அழவும் இல்லை. விளங்காத ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டான்.

“அப்ப யாருமே வந்து பாக்கலீங்களா சேர்?”

“இல்லை.”

“நாங்க கேட்டது அது ஒண்ணுதானுங்களே.”

குமார் பெட்டியின் பக்கம் திரும்பிவிட்டான். அதன் பிறகு இரண்டு வருடத்தில் அவன் சேரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

விசாரணை நடந்தது. சேர் ஒரு நீண்ட வாக்குமூலம் எழுதினார். தன் தவறை முதலில் எழுதி, அதற்குக் கீழே, மலைக்கு ஆள் போகாததையும் முத்திரை குத்தப்பட்ட விதத்தையும் எழுதினார். முதலில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட பிழையே காரணம் என்று முடித்தார்கள். ஆங்கிலக் கடிதத்தில் குற்றம் இல்லையாம். அதில் இடம் என்று எங்கேயும் சொல்லப்படவில்லையே. அவருடைய நேர்மை மற்ற எல்லாருக்கும் குடையாகிவிட்டது. அவரை மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். முடிவைச் சொல்ல என்னிடம் வந்தபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சத்தம் போட்டேன். “நான் பிழை விடேல்லை எண்டு சொல்ல ஏலாது, தங்கச்சி. நான் மட்டும் விட்டது எண்டும் சொல்ல ஏலாது. இது ரெண்டையும் ஒரே வசனத்தில எழுத எனக்குத் தெரியேல்லை” என்றார்.

யோகமலர் அக்கா, உங்களிடம் சொல்லாத இரண்டு வருடம் இதுதான். பொயா என்கிற ஒவ்வொரு பௌர்ணமி லீவுக்கும் அவர் இங்கே வந்தார். இரண்டாவது லயம் போன பிறகும், அதற்குப் பக்கத்தில் மூன்றாவது லயம் இன்னும் இருக்கிறது. ஏழு குடும்பங்கள். நிலவெடிப்பு அந்தப் பக்கமும் நீள்கிறது. அவர் சரிவில் ஏறி, வெடிப்பின் இரு பக்கமும் குச்சி நட்டு, நூல் பிடித்து அளந்து, ஒரு கொப்பியில் குறிப்பார். தான் பொறியியலாளர் இல்லை, தன் அளவுக்கு மதிப்பில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் வந்து பார்க்கட்டும் என்று கேட்டுத்தான் எழுதினார். தன் பெயரில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், மாதம் ஒன்று. பதில் வந்ததெல்லாம் பரிசீலனையில் உள்ளது என்றுதான். இரண்டு தடவை அதுவும் வரவில்லை.

சனம் அவரை எப்படி நடத்தியது என்றும் சொல்ல வேண்டும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு முறை யாரோ அவருடைய குச்சிகளைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். அவர் மறுபடியும் நட்டார். தேநீர் கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போவார். கவிஷா எதிரே வந்தால் மட்டும் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பார், அந்தப் பிள்ளை கடந்து போகும்வரை.

கடைசியாக அவர் வந்தது இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு. மெலிந்து போயிருந்தார். ஒரு சின்ன விண்ணப்பத்தைத் தமிழாக்கித் தரச் சொல்லிக் கேட்டேன். ஐந்து வரி. அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். எழுதுவார், வெட்டுவார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, “ஏலாது தங்கச்சி. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழ ஆள் இருக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். ஒரு முதிர்ந்த மனிதர் என் முன்னால் அப்படி உட்கார்ந்து அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். ஆறுதல் சொல்லவில்லை. அவர் மேல் தவறே இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். எனக்கும் அதை முழுக்கச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கடிதத்தை மண்டபத்தில் வாசித்தவள் நானல்லவா? எனக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் அது கிடந்தது.

பெல்மதுளைச் சந்திக்கு வந்த எட்டுப் பேரில் குமாரும் ஒருவன். அவனை யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே பஸ்ஸில் ஏறினான். வாகனத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. கடையோரமாக நின்றான். திரும்பி வரும் வழியில் என் பக்கத்து ஆசனத்தில் வந்து உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி கேட்டான்.

“இனி யாருங்கக்கா மேல ஏறி வந்து சொல்லுவாங்க?”

பஸ் எங்கள் வளைவில் நிற்கும்வரை யோசித்தேன்.

அக்கா, அவருடைய நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று எழுதி முடிக்க வேண்டும் என்றீர்கள். அவருடைய தமிழ் எனக்கு வராது. அவருடைய பொறுமையும் எனக்கு வேண்டாம். அந்தப் பொறுமைதான் ஓர் இரவு அவரைக் காத்திருக்க வைத்தது, அதை அவரே கடைசிவரை மன்னிக்கவில்லை. என்னிடம் இருப்பது அவருடைய பயம். முன்பு நான் மழைக்குப் பயந்தவள் இல்லை. இப்போது இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று மூன்றாவது நாளாக மழை பெய்கிறது. காலையில் மேலே போய்ப் பார்த்தேன். வெடிப்பு விரிந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, யாரும் வந்து பார்க்கவில்லை. மூன்றாவது லயத்து ஏழு குடும்பத்தையும் நான் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டி வரப் போகிறேன். அவ்வளவு பேருக்கு அங்கே இடம் போதாது, அனுமதியும் இல்லை. என் வேலைக்கு என்ன வரும் என்றும் தெரியாது. மழை வலுக்கும் முன் குமார் வயதானவர்களைத் தூக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

யாருடைய கையெழுத்துக்கும் நான் காத்திருக்கவில்லை, சேர்.